தமஸ்குவின் மதிலும் ஒரு கூடையும்: 2 கொரிந்தியர் 11:32, 33 குறித்து ஒரு வரலாற்று நோக்கு

திருத்தூதர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை வாசிப்போர், அதன் கடைசி இரு வசனங்களை அடையும்போது சற்றே தடுமாறுவதுண்டு. சாட்டையடி, கோலடி, கல்லெறி, கப்பற்சேதம், பசி, குளிர் எனப் பாடுகளின் பட்டியல் ஏறிக்கொண்டே சென்று, எல்லாச் சபைகளையும் குறித்த அன்றாடக் கவலையில் நிறைவுறுகிறது. அதன்பின் தாம் பொய் சொல்லவில்லை என்பதற்குத் தேவனையே சாட்சியாக அழைக்கிறார் பவுல். இத்துணைப் பெரிய பிரமாணத்தைத் தொடர்ந்து மாபெரும் செய்தியொன்று வரும் என எதிர்பார்க்கிறோம். வருவதோ ஒரு கூடையின் கதை. தமஸ்குவில் அரேத்தா அரசனின் அதிகாரி தம்மைப் பிடிக்க நகரைக் காவல் காத்தான் என்றும், தாம் கூடையில் வைக்கப்பட்டு, மதிலிலிருந்த பலகணி வழியே இறக்கிவிடப்பட்டு, அவன் கைக்குத் தப்பினதாகவும் கூறி அவர் நிறுத்திக்கொள்கிறார். இவ்வசனங்கள் இவ்விடத்துக்கு உரியனவல்ல, இடம் மாறி வந்தவை எனக் கருதிய உரையாசிரியர்களும் உண்டு.

நற்செய்தியின் தூதன்மீது எழும் பகைமையைப்பற்றித் திருமறையில் பல பகுதிகள் உள்ளன. எனினும், பகைத்தவன் யார், எவ்வரசனின் ஆள், எந்நகரில் என்பவற்றை இத்துணைத் துல்லியமாகப் பவுல் தம் நிருபங்களில் வேறெங்கும் கூறவில்லை. தம் வாழ்க்கை நிகழ்ச்சியொன்றைக் கூறுகையில் ஆட்சியிலிருந்த அரசன் ஒருவனைப் பெயரிட்டுக் குறிப்பது இங்கு மட்டுமே. ஆகவே இது வரலாற்று நோக்கோடு வாசிக்கப்படவேண்டிய வசனம். பகைத்தவன் யார், பகைமைக்குக் காரணம் யாது, பவுல் அதை ஈண்டுக் கூறுவானேன் என்னும் மூன்று கேள்விகளை நாம் எழுப்புவோம்.

1. அரேத்தா என்னும் அரசன்

ஈண்டுக் குறிக்கப்படுபவன் நபத்தேய அரசன் நான்காம் அரேத்தா. கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்டவன். பாறைகளைக் குடைந்து அமைத்த பெத்ரா நகரம் அவனது தலைநகர். தெற்கே இன்றைய சவூதி அரேபியாவிலுள்ள ஹெக்ரா வரை அவன் ஆட்சி பரவியிருந்தது என்பதற்கு அங்குள்ள கல்லறைக் கல்வெட்டுகள் சான்று. தன் குடிகளை நேசிப்பவன் என்னும் பட்டத்தை அவன் தன் நாணயங்களில் பொறித்துக்கொண்டான். நறுமணப் பொருள்களை ஏற்றிவரும் ஒட்டகச் சாத்துகளின் வழிகள் அவன் நாட்டினூடே சென்றமையால் அவ்வரசு செல்வச் செழிப்புடையதாயிருந்தது.

இவ்வரசனுக்கு நற்செய்தி வரலாற்றோடு மற்றொரு தொடர்பும் உண்டு. கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா முதலில் மணந்தது இவன் மகளையே. அந்திப்பா ஏரோதியாளை மணக்க முற்பட்டதை அறிந்த அப்பெண், மகேருஸ் கோட்டைக்குச் செல்வதாகச் சொல்லி, அங்கிருந்து தந்தையிடம் சென்று சேர்ந்தாள். இந்த அவமதிப்போடு எல்லைத் தகராறும் சேர்ந்து போராக மூண்டது. கி.பி. 36ஐ ஒட்டி நடந்த அப்போரில் அந்திப்பாவின் படை அழிந்தது. யோவான் ஸ்நானனைக் கொன்றதற்குத் தேவன் அளித்த தண்டனை இது என யூதரில் சிலர் கருதினர் என்று வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். சினங்கொண்ட திபேரியு பேரரசன், அரேத்தாவை உயிரோடு பிடித்து அனுப்பவேண்டும், அன்றேல் அவன் தலையை அனுப்பவேண்டும் எனச் சீரியாவின் ஆளுநர் விட்டெல்லியுவுக்குக் கட்டளையிட்டான். படைகள் புறப்பட்டன. ஆனால் கி.பி. 37 மார்ச் மாதத்தில் திபேரியு இறந்த செய்தி வரவே, விட்டெல்லியு படையெடுப்பை நிறுத்திக்கொண்டான்.

பவுல் தப்பிய இரவு இக்கொந்தளிப்பான ஆண்டுகளையே சார்ந்தது. அரேத்தா கி.பி. 40இல் இறந்தமையால் அது அதற்கு முற்பட்டதாகவே இருத்தல் வேண்டும். பவுலின் வாழ்க்கைக் காலவரிசையை அமைக்க முயல்வோருக்கு இது உறுதியான ஓர் ஊன்றுகோலாகும்.

2. தமஸ்குவில் அவனுக்கு என்ன அதிகாரம்?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கி.மு. 64இல் பொம்பேயுவின் காலமுதல் தமஸ்கு உரோமரின் மேலாட்சிக்கு உட்பட்ட நகரம். அங்கே நபத்தேய அரசனின் அதிகாரி காவல் வைத்தது எங்ஙனம்?

விடைகள் இருவகை. முதலாவது, திபேரியுவுக்குப்பின் வந்த காயு கலிகுலா தமஸ்குவை அரேத்தாவுக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பது. திபேரியுவின் காலத்துக்குப் பின் நீரோவின் காலம்வரை உரோமப் பேரரசரின் உருவம் பொறித்த தமஸ்கு நாணயங்கள் கிடைக்காமையை இக்கருத்தினர் சுட்டுவர். ஆனால் இல்லாத நாணயத்தைக்கொண்டு ஓர் ஆட்சிமாற்றத்தை நிலைநாட்டுவது கடினம். அத்தகைய ஒப்படைப்பைக் கூறும் நேரடிச் சான்று ஒன்றும் இல்லை.

இரண்டாவது விடை பவுல் கையாண்ட சொல்லிலிருந்து பிறக்கிறது. நம் பழைய தமிழ்த் திருப்புதல் படைத்தலைவன் என்னும் பொருளில் தரும் அச்சொல், கிரேக்கத்தில் ‘எத்னார்க்கேஸ்’ என்பது. ஓர் இனத்தாரின் தலைவன் என்பதே அதன் நேர்ப்பொருள். நபத்தேயக் கல்வெட்டுகளில் படை அதிகாரிகளுக்கு வழங்கும் பெயர் ‘ஸ்திராத்தேகோஸ்’. பவுல் அதை விடுத்து வேறு சொல்லைத் தேர்ந்துகொண்டது கருதத்தக்கது. அலெக்சந்திரியா நகரில் வாழ்ந்த யூதருக்கு ‘எத்னார்க்கேஸ்’ என்னும் தலைவன் இருந்து அவர்களுடைய வழக்குகளைத் தீர்த்துவந்தான் என்று ஸ்திராபோ கூறியதை யோசேபஸ் எடுத்துக்காட்டுகிறார். அதுபோலத் தமஸ்குவில் வணிகத்தின்பொருட்டு வாழ்ந்த நபத்தேயருக்குத் தலைவனாகவும், தன் அரசனின் நலன்களைப் பேணுபவனாகவும் ஒருவன் இருந்திருக்கக்கூடும். இவ்விரண்டாம் விடையே பொருத்தமானதென நமக்குத் தோன்றுகிறது. எவ்விடையைக் கொள்ளினும், பவுலைத் தேடியவன் ஓர் அரபு அரசனின் பொறுப்பில் இயங்கிய அதிகாரி என்பதில் ஐயமில்லை.

3. பகைமையின் காரணம்

இனி, கூடாரத் தொழில் அறிந்த யூத வாலிபன் ஒருவன்மீது அவ்வரசனின் ஆள் கண்வைப்பானேன்? இதற்குத் திறவுகோல் கலாத்தியர் 1:17இல் உள்ளது. மனந்திரும்பியபின் தாம் எருசலேமுக்குப் போகாமல் அரபிதேசத்துக்குப் போய், மீண்டும் தமஸ்குவுக்குத் திரும்பியதாகப் பவுல் கூறுகிறார். எருசலேமுக்குச் சென்றது மூன்றாண்டுகளுக்குப் பின்னரே.

அரபிதேசம் என்றவுடன் மணற்பரப்பையும் தனிமைத் தியானத்தையும் நினைப்பது நம் வழக்கம். மோசேயும் எலியாவும் ஓரேபில் நின்றதுபோலப் பவுலும் தனித்திருந்து தம் இறையியலை உருவாக்கினார் என்று நாமும் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்திருக்கிறோம். ஆனால் அக்காலத்தார் அரபிதேசம் என்றபோது தமஸ்குவையடுத்துத் தெற்கே விரிந்த நபத்தேய அரசையே பெரிதும் கருதினர். அங்கே நகரங்களும் சந்தைகளும் தொழுகையிடங்களும் இருந்தன. தியானத்தில் அமர்ந்த ஒருவனை எவ்வரசும் தேடிவந்து வாயில்களை அடைப்பதில்லை. ஆதலின், பவுல் அங்கே வாளாவிருக்கவில்லை, தாம் பெற்ற செய்தியை உடனே அறிவிக்கத் தொடங்கினார், அதுவே அதிகாரிகளின் கவனத்தை ஈர்த்தது என்று மார்ட்டின் ஹெங்கெல், ஜெரோம் மர்ஃபி ஓகானர் முதலிய அறிஞர் 1990களில் வலியுறுத்தினர். நபத்தேயர் இஸ்மவேலின் மூத்த மகன் வழிவந்தவர் என யூதர் எண்ணினர். ஆபிரகாமின் மற்றொரு மகனுடைய வழியினரிடம் பவுல் முதலில் சென்றார் என்பது நினைக்கத்தக்க செய்தியே.

அக்காலச் சூழலும் இதற்கு இயைகிறது. யூத ஆட்சியாளன் ஒருவனோடு பகை முற்றியிருந்த நாட்களில், ஊர் ஊராகச் சென்று, சிலுவையில் அறையப்பட்ட ஒருவரே ஆண்டவர் என்று பேசித் திரிந்த யூதன் ஐயத்துக்குரியவனாகத் தோன்றியிருப்பான். இது ஊகமே. பவுல் காரணத்தைக் கூறவில்லை. அவர் கூறாததைக் கூறியதாகச் சாதிப்பது முறையன்று. ஆனால் ஒன்று தெளிவு. அவ்வதிகாரியின் உள்ளத்தில் இருந்தது கிறிஸ்துவின்மீது வெறுப்பா, நாட்டின் அமைதிபற்றிய அச்சமா என்று பவுல் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. அவனைத் தேவனுக்குச் சத்துரு என்றோ சாத்தானின் கருவி என்றோ அழைக்கவில்லை. அவன் செய்ததை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்.

4. லூக்காவின் கூற்று

இந்நிகழ்ச்சியையே அப்போஸ்தலர் 9:23–25இல் லூக்கா வேறுவிதமாகக் கூறுகிறார். அங்கே அரேத்தா இல்லை. யூதர் பவுலைக் கொல்ல ஆலோசனை செய்து, இரவும் பகலும் நகர வாயில்களைக் காவல் காத்தனர் என்றும், சீஷர்கள் இரவிலே அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டனர் என்றும் காண்கிறோம். கூடைக்கு இருவரும் வழங்கும் சொற்களும் வேறு. பவுல் சொல்வது ‘சர்கானே’, கயிற்றால் பின்னியது. லூக்கா சொல்வது ‘ஸ்பிரிஸ்’, நாலாயிரம்பேர் உண்டபின் மீதியை எடுத்த கூடைக்கு மாற்கு வழங்கும் சொல் அது.

இரண்டையும் இணைத்து, யூதரும் அதிகாரியும் கூட்டுச் சேர்ந்தனர் என்று உரைப்பது வழக்கம். அது நடந்திருக்கக் கூடாததன்று. ஆனால் வரலாற்று முறைப்படி, தமக்கு நேர்ந்ததைத் தாமே எழுதியவரின் கூற்றுக்கு முதலிடம் தருதல் வேண்டும். பவுல் கி.பி. 55, 56ஐ ஒட்டி எழுதினார். லூக்கா எழுதியது பிந்திய காலத்தில். யூதர் செய்ததை மறைக்கும் நோக்கமும் பவுலுக்கு இல்லை. அதே அதிகாரத்தின் 24ஆம் வசனத்தில் யூதரிடம் ஐந்துமுறை ஒன்றுகுறைய நாற்பது அடி பட்டதை வெளிப்படையாகச் சொல்கிறார். அவ்வாறு சொன்னவர் தமஸ்குவைப்பற்றிக் கூறுகையில் யூதரைக் குறிப்பிடாதது பொருளற்றதாகாது.

இதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தூதனைப் பகைத்தோர் என்றால் யூதர் என்று திருச்சபை பல நூற்றாண்டுகளாக எளிதாகச் சொல்லிவந்தது. அப்பேச்சு எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை ஐரோப்பாவில் 1945வரை நடந்தவற்றை அறிந்த எவரும் மறக்கவியலாது. தமஸ்குவின் யூதருக்கு நேர்ந்ததையும் ஈண்டு நினைக்கவேண்டும். பவுல் தப்பி முப்பது ஆண்டுகள் சென்றபின், கி.பி. 66இல் யூதப் போர் தொடங்கியபோது, தமஸ்கு நகரத்தார் தங்களோடு வாழ்ந்த யூதரை ஓரிடத்தில் அடைத்துக் கொன்றனர். கொல்லப்பட்டோர் 10,500 என்று ஓரிடத்திலும் 18,000 என்று மற்றோரிடத்திலும் யோசேபஸ் கூறுகிறார். இலக்கங்கள் மிகைப்பட்டவையாயினும் கொலை நடந்தது உண்மை.

மேலும் ஒன்று. அன்றிரவு கயிற்றைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை? தமஸ்குவின் முதற் சீஷர்கள் பெரும்பாலும் யூதரே. பவுலை ஏற்றுக்கொண்ட அனனியா நியாயப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன், யூதர் எல்லாராலும் நல்லவனென்று சாட்சி பெற்றவன் என அப்போஸ்தலர் 22:12 கூறுகிறது. பவுலை உயிரோடு வெளியேற்றியவர்களும் யூதரே என்பதை மறந்து இப்பகுதியைப் பிரசங்கித்தல் நேர்மையாகாது. அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. கூடையில் இறங்கியவர் எருசலேமுக்குச் சென்றார். கயிற்றை விட்டவர்களோ விடிந்தபின் அந்நகரிலேயே வாழவேண்டியவர்கள்.

5. கூடையின் பொருள்

இனி மூன்றாம் கேள்வி. கொரிந்துவில் பவுலை எதிர்த்தோர் தங்கள் பெருமைகளைச் சொல்லி அவருடைய தூதுத்துவத்தைக் குறைத்துப் பேசினர். அதற்கு விடையாகப் பவுல் புத்தியீனனைப்போல மேன்மைபாராட்டத் தொடங்கி, 30ஆம் வசனத்தில் தம் பலவீனத்தைக் குறித்தே மேன்மைபாராட்டுவதாகச் சொல்கிறார். அதற்குக் கடைசிச் சான்றே கூடை.

கொரிந்து நகரம் கி.மு. 44இல் ஜூலியு சீசர் புதுப்பித்த உரோமக் குடியேற்றம். உரோமப் படையின் வழக்கங்கள் அங்கே அறியப்பட்டிருந்தன. பகைவரின் மதில்மேல் முதலில் ஏறிய வீரனுக்கு, மதில் வடிவில் செய்த பொன்முடி அளிப்பது அவ்வழக்கங்களுள் ஒன்று. ஸ்பெயினிலுள்ள புதிய கார்த்தேஜ் நகரம் வீழ்ந்தபோது, முதலில் ஏறியவன் யார் என்று இருவருக்காகப் படையினர் பிளவுபட, சிப்பியோ இருவருக்குமே முடியளித்ததாக லீவி எழுதுகிறார். இவ்வழக்கத்தைப் பவுலின் வசனத்தோடு ஒப்பிட்டுக் காட்டியவர் சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழக வரலாற்றறிஞர் எட்வின் ஜட்ஜ். மதில்மேல் முதலில் ஏறியவனுக்குப் பொன்முடி. மதிலிலிருந்து முதலில் இறங்கியவனுக்கு என்ன உண்டு? கொரிந்தியர் இதைக் கேட்டபோது பவுலின் எண்ணத்தைப் புரிந்துகொண்டிருப்பர்.

தமஸ்குவை அவர் முதலில் அணுகியதையும் நினைவுகூர்வோம். பிரதான ஆசாரியனின் கடிதங்களோடு, சீஷர்களைக் கட்டிக்கொண்டுபோக வந்தவர் அவர். பிடிக்க வந்தவர் பிடிபடாமல் ஓடுகிறார். பகைமை என்பது இன்னதென்று பகைத்தவனாகவும் பகைக்கப்பட்டவனாகவும் அறிந்தவர் அவர். ஆதலால்தான் தம்மைத் தேடியவனைப்பற்றி அடக்கமாகப் பேச அவரால் கூடிற்று எனலாம். அடுத்த அதிகாரமோ மூன்றாம் வானம்வரைக்கும் எடுக்கப்பட்ட ஒரு மனிதனைப்பற்றிப் பேசுகிறது. மேலே எடுக்கப்பட்டதைச் சொல்லுமுன் கீழே இறக்கப்பட்டதைச் சொல்கிறார். இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று.

6. சபை வரலாற்றில் இவ்வசனம்

துன்புறுத்தல் வந்த காலங்களில் இக்கூடை மீண்டும் மீண்டும் பேசப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜின் தெர்த்துல்லியன், துன்புறுத்தல் தேவனிடமிருந்தே வருகிறது, ஆகவே தப்பியோடுதல் தகாது என்று எழுதினார். அலெக்சந்திரியாவின் அத்தனாசியு வேறு முடிவுக்கு வந்தார். கி.பி. 356இல் அவர் ஆராதனை நடத்திக்கொண்டிருந்த ஆலயத்தைப் படைவீரர் சூழ்ந்தனர். அவர் தப்பிப் பாலைநிலத்தில் மறைந்தார். கோழை என்று பழித்தோருக்கு மறுமொழியாக அடுத்த ஆண்டில் எழுதிய நூலில், மதிலிலிருந்து இறக்கப்பட்ட பவுலை அவர் எடுத்துக்காட்டினார்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப்பின் வந்தாலர் வட ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தபோது, ஆயர்கள் மந்தையை விட்டு ஓடலாமா என்று ஒனராத்து என்னும் பேராயர் அகுஸ்தீனிடம் கேட்டார். அகுஸ்தீன் இதே வசனத்தை எடுத்து ஒரு வேறுபாட்டைக் காட்டினார். பவுல் ஒருவரே குறிவைத்துத் தேடப்பட்டார்; சபைக்கு ஊழியம் செய்யப் பிறர் அங்கே இருந்தனர்; ஆகவே அவர் சென்றது தகும். ஆனால் ஆபத்து எல்லாருக்கும் பொதுவானதாயிருக்க, மக்கள் ஓடவியலாமல் இருக்கையில் ஆயன் மட்டும் ஓடுதல் தகாது. இதை எழுதிய அகுஸ்தீன் தாம் ஓடவில்லை. கி.பி. 430இல் வந்தாலர் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது அந்நகரிலேயே மரித்தார். தப்பிய அத்தனாசியுவும் தங்கிய அகுஸ்தீனும் ஒரே கூடையைப் பார்த்தே தத்தம் வழியைத் தேர்ந்தனர். ஓடினவன் வீரனல்லன், தங்கினவனே வீரன் என்று எளிதாகத் தீர்ப்பிட இவ்வசனம் இடந்தரவில்லை. மந்தைக்கு எது நன்மை என்பதே அவர்களுடைய கேள்வியாயிருந்தது.

7. முடிவாக

நாம் ஊழியத்தில் புகுந்த முதலாண்டுகளில், ஓரூரில் நமக்கு நேர்ந்த எதிர்ப்பொன்றைப் பெரிய துன்புறுத்தலாக விவரித்து மேலிடத்துக்கு அறிக்கை எழுதினோம். அதை வாசித்தோர் மிக மெச்சினர். நம்மை எதிர்த்த முதியவருக்கு நிலம்பற்றிய நியாயமான மனக்குறை ஒன்று இருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். அப்போது அவர் உயிரோடில்லை. அவரை நாம் எழுத்தில் தேவனுடைய சத்துருவாக்கியிருந்தோம். இவ்வசனத்தை வகுப்பில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வறிக்கை நம் நினைவுக்கு வருகிறது.

பகைமை எழுந்ததனாலேயே தூதன் உண்மையுள்ளவன் ஆகிவிடுவதில்லை. உண்மையான பகைமையும் உண்டு. தமஸ்குவின் வாயில்களில் நின்ற காவல் கற்பனையன்று. ஆனால் அதைச் சொல்லும் முறையைப் பவுலிடம் கற்கவேண்டும். நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்கிறார். பகைத்தவனுக்குரிய பதவியையும் அவனுடைய அரசனின் பெயரையும் தருகிறார். ஓர் இனத்தார்மீது அதை ஏற்றுவதில்லை. தம் பங்காகச் சொல்லிக்கொள்வதோ, பிறர் கயிற்றைப் பிடிக்க, இருளில், கூடையில் ஒடுங்கி இறங்கியதை மட்டுமே. அதையே அவர் தம் பலவீனம் என்று சபையின்முன் வைத்தார்.

இறையியல் கல்லூரியை விட்டுத் திருப்பணிக்குச் செல்லும் மாணவர், தங்கள் முதல் அறிக்கையை எழுதுமுன் இவ்விரு வசனங்களையும் ஒருமுறை வாசிப்பாராக.